ஒளி சர்க்கரையை அளக்குமா? ஒளியிழை உயிர் உணரிகள் குறித்து ஒரு விளக்கம்

நீரிழிவுக்காக எங்கள் மருத்துவமனைக்கு வருவோரும் அவர்களுடன் வரும் குடும்பத்தினரும் அண்மைக் காலமாக ஒரு கேள்வியை அடிக்கடி கேட்கின்றனர். "விரலைக் குத்தாமல், வெறும் ஒளியைக் கொண்டே இரத்தச் சர்க்கரையை அளக்கும் கருவி வந்துவிட்டதாமே, அதை வாங்கலாமா?" என்பதே அக்கேள்வி.

கேள்வி நியாயமானது. நாளொன்றுக்கு நான்கு முறை விரலைக் குத்திக்கொள்ளும் ஒருவர், ஓராண்டில் 1,460 முறை குத்திக்கொள்கிறார். இன்சுலின் எடுத்துக்கொள்ளும் சிறு குழந்தையின் பெற்றோருக்கு ஒவ்வொரு குத்தும் ஒரு வேதனை. எனவே வலியில்லாத வழி ஒன்று உண்டென்று கேட்டவுடன் நம்பிக்கை பிறப்பது இயல்பே.

எங்கள் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒளியைக் கொண்டு சர்க்கரையை அளக்க முடியும். ஆனால் ஒளி தனியாக நின்று அதைச் செய்துவிடுவதில்லை. குளுக்கோஸை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் ஒரு வேதிப்பொருள், உடலின் திரவத்தோடு நேரடித் தொடர்பில் இருக்க வேண்டும். அந்தப் பொருளில் ஏற்படும் மாற்றத்தையே ஒளி படித்துச் சொல்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், எந்தக் கருவியை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதை நீங்களே ஓரளவு பிரித்தறிய முடியும். அதற்காகவே இக்கட்டுரை.

ஆக்ஸிஜன் தெரிகிறது, சர்க்கரை ஏன் தெரிவதில்லை?

விரல் நுனியில் மாட்டி ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் சிறு கருவியைக் கொரோனா காலத்தில் பல வீடுகள் அறிந்துகொண்டன. அது விரலைக் குத்துவதில்லை. சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி, எவ்வளவு ஒளி மறுபுறம் வருகிறது என்று பார்க்கிறது. "ஆக்ஸிஜனை ஒளியால் அளக்க முடிந்தால் சர்க்கரையை ஏன் அளக்க முடியாது?" என்று பலர் கேட்கின்றனர்.

அக்கருவி உண்மையில் பார்ப்பது ஹீமோகுளோபினை. ஹீமோகுளோபின் நிறமுள்ள பொருள். ஆக்ஸிஜனை ஏற்றிருக்கும்போது நல்ல சிவப்பாகவும், இழந்தபோது கருஞ்சிவப்பாகவும் அது நிறம் மாறுகிறது. மேலும், ஒரு லிட்டர் இரத்தத்தில் அது ஏறத்தாழ 140 கிராம் அளவுக்கு நிறைந்திருக்கிறது. ஒளிக்கு அது எளிய இலக்கு.

குளுக்கோஸின் நிலை வேறு. அதற்கு நிறமில்லை. இரத்தச் சர்க்கரை 100 மி.கி. என்று பரிசோதனைச் சீட்டில் காண்கிறோமே, அதன் பொருள் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 100 மில்லிகிராம், அதாவது ஒரு லிட்டரில் ஒரு கிராம் என்பதாகும். பெரியவர் ஒருவரின் உடலில் ஓடும் சுமார் ஐந்து லிட்டர் இரத்தம் முழுவதிலும் கரைந்திருக்கும் குளுக்கோஸ், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிச் சர்க்கரைதான். அந்த அளவு 100-லிருந்து 60-க்கு இறங்கினால் உடனே கவனிக்க வேண்டிய தாழ்வு நிலை அது. ஆனால் ஒளியின் பார்வையில் அது ஒரு லிட்டரில் 0.4 கிராம் என்ற நுண்ணிய மாற்றமே.

அகச்சிவப்பு ஒளியைக் குளுக்கோஸ் சிறிதளவு உறிஞ்சுவது உண்மை. ஆனால் தோலிலும் தசையிலும் நிறைந்திருக்கும் நீர் அதே ஒளியை மிகுதியாக உறிஞ்சிவிடுகிறது. புரதங்களும் கொழுப்பும் தம் பங்குக்கு உறிஞ்சுகின்றன. வியர்வை, தோலின் வெப்பநிலை, கருவி தோலை அழுத்தும் விதம் ஆகியவை மாறினாலே திரும்பி வரும் ஒளியும் மாறிவிடுகிறது. இத்தனை இரைச்சலுக்கு நடுவே குளுக்கோஸின் மெல்லிய குரலைப் பிரித்தெடுப்பது, பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் முயன்றும் நம்பகமான மருத்துவப் பயன்பாட்டுக்கு எட்டாத பணியாகவே இருந்து வருகிறது.

ஒளியிழையும் உயிர் உணரியும்

தோலுக்கு வெளியே நின்று பார்ப்பது கடினமென்றால், ஒளியையே உடலுக்குள் கொண்டு சென்றால் என்ன? இங்கேதான் ஒளியிழை உதவிக்கு வருகிறது.

ஒளியிழை என்பது கண்ணாடியாலோ பிளாஸ்டிக்காலோ செய்யப்பட்ட மெல்லிய நூல். இன்று வீடுகளுக்கு இணையத்தைக் கொண்டு வரும் கண்ணாடி இழையின் தடிமன், மேற்பூச்சு நீங்கலாக, ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு மட்டுமே. அதன் நடுப்பகுதியும் வெளியுறையும் சற்றே வேறுபட்ட கண்ணாடிகளால் ஆனவை. நடுப்பகுதியில் நுழையும் ஒளி, சுவரில் பட்டு மீண்டும் மீண்டும் உள்ளேயே திரும்பி, இழை வளைந்தாலும் அதனூடே பயணம் செய்கிறது. இதனை முழு அக எதிரொளிப்பு என்பர்.

மருத்துவத்துக்கு இது புதிதன்று. பஞ்சாபின் மோகா நகரில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, பேராசிரியர் ஹெரால்டு ஹாப்கின்ஸுடன் இணைந்து, இழைக் கற்றை வழியே படத்தைக் கடத்தும் முறையை 1954-இல் வெளியிட்டார். 1957-இல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் இழைகளால் ஆன வளையும் உள்நோக்கியைப் பயன்படுத்தத் தொடங்கினார். இன்று எண்டோஸ்கோப்பி என்ற பெயரில் நம்மில் பலர் செய்துகொள்ளும் வயிற்றுப் பரிசோதனைக்கு அதுவே தொடக்கம்.

இழை ஒளியைக் கொண்டு செல்லும், அவ்வளவே. இழையின் முனையில் குளுக்கோஸை மட்டும் தேர்ந்து அடையாளம் காணும் ஒரு பொருளைப் பொருத்தினால்தான் அது உயிர் உணரி ஆகிறது. அந்தப் பொருள் குளுக்கோஸைச் சந்திக்கும்போது அதன் நிறமோ ஒளிர்வோ மாறும். இழை வழியே சென்ற ஒளி அம்மாற்றத்தைச் சுமந்துகொண்டு அதே வழியில் திரும்பும். வெளியே இருக்கும் கருவி அதனை எண்ணாக மாற்றிக் காட்டும். பொறியாளர்கள் இழையின் முனையை மட்டுமன்றி அதன் பக்கச் சுவரையும் இவ்வாறு பயன்படுத்துகின்றனர். இழையை வளைத்து, பக்கச் சுவரை ஒட்டிக் கசியும் ஒளியால் உயிர்ப்பொருள்களைக் கண்டறியும் ஆய்வுகள் மும்பை, சென்னை ஐ.ஐ.டி.க்களிலும் நடந்துள்ளன.

குளுக்கோஸை அடையாளம் காணும் மூன்று பொருள்கள்

முதலாவது, குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்னும் நொதி. இது குளுக்கோஸை ஆக்ஸிஜனுடன் சேர்த்து வேறு பொருளாக மாற்றுகிறது. எவ்வளவு ஆக்ஸிஜன் செலவாயிற்று என்று பார்த்தால், எவ்வளவு குளுக்கோஸ் இருந்தது என்று கணக்கிடலாம். 1962-இல் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் மின்முனையோடு இந்த நொதியைச் சேர்க்கும் வழியை முன்வைத்தனர். நம் வீடுகளில் இன்று இருக்கும் பெரும்பாலான குளுக்கோமீட்டர்களும், கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை உணரிகளும் அந்த மின்வேதி மரபில் வந்தவையே. ஒளியிழை முறையில், ஆக்ஸிஜன் குறைந்தால் கூடுதலாக ஒளிரும் சாயம் ஒன்றை நொதியோடு இழை முனையில் வைக்கின்றனர். இதிலுள்ள குறை, தோலடித் திசுக்களில் ஆக்ஸிஜன் குறைவு என்பதுதான். ஆக்ஸிஜன் ஏறி இறங்கினால் சர்க்கரை மாறாதபோதும் அளவீடு மாறிவிடக்கூடும்.

இரண்டாவது, கான்கனவாலின் என்னும் புரதம். நம் ஊர்த் தோட்டங்களில் காணும் வாளவரையின் நெருங்கிய இனமான ஒரு கொடியின் விதையிலிருந்து இது எடுக்கப்படுகிறது. சர்க்கரை மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்பு இதற்கு உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஜெரோம் ஷுல்ட்ஸும் உடன் பணியாற்றியோரும் 1982-இல் விளக்கிய முறை இது. சிறு குழல் ஒன்றின் உட்சுவரில் இப்புரதத்தைப் பதித்து, ஒளிரும் சாயம் பூசிய பெரிய சர்க்கரைச் சங்கிலி ஒன்றையும் அதனுள் வைப்பர். குளுக்கோஸ் இல்லாதபோது சாயச் சங்கிலி புரதத்தின் இருக்கைகளில் அமர்ந்து, ஒளி படாமல் சுவரோரம் ஒதுங்கியிருக்கும். குளுக்கோஸ் உள்ளே வரும்போது, பேருந்தில் இருக்கைக்குப் போட்டி நடப்பதைப் போல, சாயச் சங்கிலி எழுப்பிவிடப்பட்டுக் குழலின் நடுவுக்கு வரும். அங்கே இழையின் ஒளி பட்டு ஒளிரும். ஒளிர்வு கூடக் கூடச் சர்க்கரை கூடுதல் என்று பொருள். இம்முறைக்கு ஆக்ஸிஜன் தேவையில்லை, குளுக்கோஸும் செலவாவதில்லை. எனினும் இப்புரதம் நாளடைவில் செயல் குன்றுவதும், உடலுக்குள் கசிந்தால் நஞ்சாகக்கூடும் என்ற அச்சமும் தடைகளாக உள்ளன.

மூன்றாவது, போரானிக் அமிலம். இது உயிர்ப்பொருளன்று, ஆய்வகத்தில் ஆக்கப்படும் வேதிப்பொருள். குளுக்கோஸைப் பற்றிக்கொள்வதும் விட்டுவிடுவதும் இதற்கு எளிது. ஒளிரும் மூலக்கூறு ஒன்றோடு இணைத்துவிட்டால், குளுக்கோஸ் பற்றும்போது ஒளிர்வு கூடும், விடும்போது குறையும். புரதத்தைப் போல இது விரைவில் கெடுவதில்லை என்பதால், நெடுநாள் உடலில் இருக்க வேண்டிய உணரிகளுக்கு இதுவே ஏற்றதாகக் கருதப்படுகிறது.

இழையால் என்ன நன்மை? இன்னும் ஏன் கைக்கு எட்டவில்லை?

கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடுவதில்லை. எனவே அறுவை அரங்கின் மின்கருவிகள் அதன் அளவீட்டைக் குலைப்பதில்லை. இழையில் உலோகம் இல்லாததால் எம்ஆர்ஐ அறையின் காந்தப்புலமும் அதனை இழுப்பதில்லை. மிக மெல்லியதாதலால் ஊசி வழியே இரத்தக் குழாய்க்குள்ளும் செலுத்தலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் மணிக்கொரு முறை சர்க்கரை பார்க்க வேண்டிய நோயாளிகளுக்காக இரத்தக் குழாயில் வைக்கும் ஒளிர்வு இழை உணரிகள் சோதிக்கப்பட்டுள்ளன. தோலடியில் செருகும் ஒளியிழை உணரி ஒன்றை நீரிழிவு உள்ளவர்களிடம் சோதித்த முடிவுகள் 2013-இல் வெளியாயின.

ஆயினும் தடைகள் பல. உடலுக்குள் எந்த அயற்பொருள் சென்றாலும் உடல் அதனை வேற்றாளாகவே நடத்துகிறது. சில நிமிடங்களில் புரதங்கள் அதன்மேல் படிகின்றன. வாரக்கணக்கில் நார்த்திசு சூழ்ந்து சுவர் எழுப்புகிறது. அதன்பின் குளுக்கோஸ் உணரியை அடையவே தாமதமாகிறது. ஒளிரும் சாயமும் வெயிலில் காயும் துணியைப் போல, ஒளி படப்பட வெளுக்கிறது. இழை தோலைத் துளைத்து வெளியே வரும் இடம் கிருமித்தொற்றுக்கு வாசலாகலாம். இரத்தக் குழாயினுள் வைத்தால் இரத்தம் உறையும் அபாயமும் உண்டு. இவையனைத்தையும் வென்று, விலையும் கட்டுக்குள் இருந்தால்தான் ஒரு கருவி வீட்டுக்கு வரும்.

இவற்றுள் சில தடைகளைத் தாண்டிய ஒளிர்வுக் கருவி ஒன்று உண்டு. எவர்சென்ஸ் எனப்படும் அதனை 2018-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஏற்றது. சுமார் 18 மி.மீ. நீளமுள்ள சிறு உருளை ஒன்றை மருத்துவர் மேற்கையின் தோலடியில் வைக்கிறார். அதற்குள்ளேயே விளக்கும் ஒளியுணர்வியும் இருப்பதால் நீண்ட இழை தேவைப்படவில்லை. தோலைத் துளைத்து எதுவும் வெளியே நீள்வதுமில்லை. முன்பு நாம் கண்ட போரானிக் அமிலமே இங்கே குளுக்கோஸைப் பற்றுகிறது. உடலின் எதிர்ப்பைத் தணிக்க, டெக்ஸாமெதசோன் என்னும் மருந்து சிறிது சிறிதாக வெளியேறுமாறு அமைத்துள்ளனர். முதலில் 90 நாட்கள் என்றிருந்த அதன் ஆயுள், 2022-இல் 180 நாட்களாகவும், 2024-இல் 365 நாட்களாகவும் நீட்டித்து ஏற்கப்பட்டது. இதற்கும் விரலைக் குத்தி எடுத்த அளவோடு அவ்வப்போது ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

உணரி காட்டும் எண் எதைக் குறிக்கிறது?

கையில் ஒட்டும் மின்வேதி உணரியானாலும் தோலடி ஒளிர்வு உணரியானாலும், அவை அளப்பது இரத்தத்தை அன்று. செல்களுக்கு இடையே உள்ள திரவத்தை. இரத்தத்திலிருந்து குளுக்கோஸ் அத்திரவத்துக்கு வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும். எனவே உணரியின் எண் இரத்தத்துக்குச் சற்றுப் பின்தங்கியே வரும். இத்தாமதம் ஏறத்தாழ 5 முதல் 15 நிமிடம் வரை இருக்கலாம்.

சர்க்கரை நிதானமாக இருக்கும்போது இதனால் தீங்கில்லை. விரைந்து இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். உணரி 85 என்று காட்டும் வேளையில் இரத்தத்தில் 65 ஆகியிருக்கலாம். மாறாக, சர்க்கரை கரைத்துக் குடித்தபின் இரத்தத்தில் அளவு ஏறிவிட்ட பிறகும் உணரி சிறிது நேரம் தாழ்வாகவே காட்டும். அதைக் கண்டு அஞ்சி மேலும் மேலும் இனிப்புக் கொடுத்தால், சற்று நேரத்தில் சர்க்கரை வெகுவாக உயர்ந்துவிடும்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

தோலைத் துளைக்காமலே சர்க்கரை அளப்பதாக விற்கப்படும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்பி மருந்தின் அளவை மாற்ற வேண்டாம். அத்தகைய கருவி எதற்கும் தாம் ஒப்புதல் அளிக்கவில்லை என்றும், அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தவறான எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொண்டால், சில மணி நேரத்தில் மயக்கமும் வலிப்பும் உயிரிழப்பும் நேரலாம். தோலில் பொருத்திய உணரி அனுப்பும் எண்ணை வெறுமனே திரையில் காட்டும் கடிகாரம் வேறு வகை. அதில் அளப்பது உணரியே. வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி இது: "இதன் எந்தப் பகுதி என் உடல் திரவத்தைத் தொடுகிறது?" எதுவுமே தொடுவதில்லை என்றால், எங்களிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

உங்கள் உடல் சொல்வதும் உணரி காட்டுவதும் பொருந்தாவிட்டால் விரலைக் குத்திப் பாருங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை இருந்து, உணரி இயல்பான எண்ணைக் காட்டினாலும் அலட்சியம் வேண்டாம்.

விரலைக் குத்துமுன் கையைச் சோப்பிட்டுக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் ஒட்டியிருக்கும் சாறு கூட அளவை உயர்த்திக் காட்டும். விரலின் நுனி மையத்தை விடப் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். குளுக்கோமீட்டரிலும் சிறு வேறுபாடு இயல்பே. 100 மி.கி.க்குக் குறைவான அளவுகளில் 15 மி.கி. வரையும், அதற்கு மேல் 15 விழுக்காடு வரையும் ஆய்வக அளவிலிருந்து விலகலாம் என்று சர்வதேசத் தரம் ஏற்கிறது; நூற்றில் 95 அளவீடுகள் இவ்வரம்புக்குள் அமைந்தாக வேண்டும்.

உணரி அணிந்த கையை அடியில் வைத்துப் படுத்தால், அழுத்தத்தால் பொய்யான தாழ்வு அளவு தோன்றலாம். நள்ளிரவில் எச்சரிக்கை ஒலித்தால், புரண்டு படுத்து விரலைக் குத்தி உறுதி செய்யுங்கள்.

மருந்துகளும் சில உணரிகளைக் குழப்பும். மின்வேதி வகைகள் சிலவற்றை பாராசிட்டமாலும் அதிக அளவு வைட்டமின் சி-யும் பாதிக்கலாம். ஒளிர்வு வகையை மேனிட்டால், டெட்ராசைக்ளின் போன்றவை பாதிக்கலாம். எனவே புதிய மருந்து எழுதும் மருத்துவரிடமும், எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன் எடுக்கும் இடத்திலும் உணரி அணிந்திருப்பதை முதலில் சொல்லுங்கள்.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, நோயாளி நினைவோடு இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து விரலைக் குத்திப் பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் மீண்டும் ஒரு முறை கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108-ஐ அழையுங்கள்.

தொடர் உணரி அணிவோர் ஒவ்வோர் எண்ணையும் கண்டு கலங்க வேண்டியதில்லை. நாள் முழுவதன் போக்கே முக்கியம். நீரிழிவு உள்ள பெரும்பாலான பெரியவர்களுக்கு, நாளின் 70 விழுக்காட்டுக்கு மேல், அதாவது சுமார் 17 மணி நேரம், சர்க்கரை 70 முதல் 180 வரை இருப்பதும், 70-க்குக் கீழே இருக்கும் நேரம் ஒரு மணிக்குள் அடங்குவதும் நல்ல இலக்கு. முதியோருக்கும் உடல் தளர்ந்தோருக்கும் இலக்கு சற்றுத் தளர்வானது. தாழ்வு நேராமல் காப்பதே அவர்களுக்கு முதன்மை. கருவுற்ற பெண்களுக்கு இலக்கு இன்னும் கடுமையானது. உங்களுக்குரியதை உங்கள் மருத்துவரே வகுத்துத் தருவார்.

ஒளியிழை உயிர் உணரிகள் வெறும் கனவல்ல. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பு அவற்றின் பின்னே இருக்கிறது. அவ்வறிவின் ஒரு கிளை ஏற்கெனவே சிலரின் தோலடியில் ஓராண்டு வரை பணியாற்றுகிறது. மேலும் நல்ல கருவிகள் வரும். அவை வரும் வரை, கையில் இருக்கும் குளுக்கோமீட்டரைச் சரியாகப் பயன்படுத்துவதே உங்களைக் காக்கும். புதிய கருவி எதையேனும் வாங்க எண்ணினால், அதன் விளம்பரத் தாளையோ படத்தையோ அடுத்த முறை வரும்போது எடுத்து வாருங்கள். உங்கள் குறிப்பேட்டில் உள்ள அளவுகளையும் உடன் வைத்து, சேர்ந்து பார்த்து முடிவெடுப்போம்.